பையில் ஒரு வேட்டி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குச் செல்லும் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று பார்த்தால், நம்மவர்களின் விடுமுறை உடை எப்படி மாறிவிட்டது என்பதை ஒரு மணி நேரத்தில் அறிந்துகொள்ளலாம். புதுச்சேரி, பெங்களூரு, சென்னை என்று பல ஊர்களிலிருந்து வரும் வண்டிகள் கோமுகி அணையருகே நிற்கின்றன. இறங்குகிற ஆண்களில் பலர் முழங்காலுக்கு மேலே நிற்கும் அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் அணிந்திருக்கிறார்கள். உடையைப் பற்றிய கட்டுரை என்றதும் பெண்களின் ஆடையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்று எதிர்பார்த்த வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அந்தப் பேச்சை நாம் எப்போதும் பெண்களிடமிருந்தே தொடங்கிவிடுகிறோம். நான் பார்த்த அளவில், மலையில் சங்கடம் விளைவிப்பது பெரும்பாலும் ஆண்களின் உடையே.

இவர்கள் பண்பற்றவர்கள் அல்லர். மேகம் அருவியிலோ பெரியார் அருவியிலோ குளித்துவிட்டு, கரியாலூரில் படகில் ஏறிவிட்டு, வழியில் ஒரு கோயில் தென்பட்டால் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள். பலருடைய நெற்றியில் திருநீறோ குங்குமமோ இருக்கிறது. இதே அன்பர்கள் தங்கள் ஊரில் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு இந்த உடையில் போவார்களா என்றால், மாட்டார்கள்.

துக்க வீட்டை நினைத்துப் பாருங்கள். எந்தத் துக்க வீட்டின் வாசலிலும் ‘இன்ன உடையில் வரவும்’ என்று பலகை தொங்குவதில்லை. ஆயினும் சரிகைப் பட்டு உடுத்தி யாரும் போவதில்லை. சிறுவர்களுக்குக்கூட அது தெரியும். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்கள் மனம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நாம் அறிந்திருக்கிறோம். கை தானாகவே எளிய ஆடையை எடுக்கிறது. ஆக, இடத்துக்கேற்ற உடை எது என்னும் அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. மலைக்குப் போகும்போது அது ஏன் வேலை செய்வதில்லை? அந்த இடம் யாருடைய வீடு என்பது நமக்குத் தெரியாததே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. காடு, அருவி, மேகம் என்றுதான் நாம் பார்க்கிறோம். யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் எப்படி இருந்தால் என்ன என்று எண்ணிவிடுகிறோம்.

கல்வராயன் மலை யாருடைய வீடு என்பதைச் சற்றுச் சொல்லிவிடுகிறேன். இம்மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். கேரள நாட்டாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் மலையாளி. பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், சகோதரர் மூவர் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் அவர்களுடைய மரபுக்கதை கூறுகிறது. கரிராமனைப் போற்றி வணங்குகிறவர்கள். சாமையும் தினையும் விதைத்து, கடுக்காயும் புளியும் தேனும் சேகரித்து வாழ்ந்தவர்கள். இப்போது மரவள்ளியும் பயிரிடுகிறார்கள். நெடுங்காலம் மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த இம்மலை 1976-ஆம் ஆண்டில்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கீழேயிருந்து வருகிற மனிதனை இவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதில் அந்த வரலாறும் கலந்திருக்கிறது.

1984-ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சியில் ஒரு வங்கிக் கிளையில் கள அலுவலராகப் பணியேற்றேன். அப்போது இது தென்னார்க்காடு மாவட்டம். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தின்கீழ்க் கறவை மாட்டுக் கடன் வழங்கப்பட்டுவந்த காலம். கடன் பெற்றவரிடம் மாடு இருக்கிறதா, அதன் காதில் காப்பீட்டு வில்லை இருக்கிறதா என்று நேரில் சென்று பார்த்து வருவது என் பணி. முதன்முறை மலைக்குப் புறப்பட இருந்த நாளுக்கு முந்தைய மாலை, எங்கள் கிளையின் பியூன் என் மேசையருகே வந்து நின்றார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அடிவாரத்துக்காரர்.

“சார், நாளைக்கு வேட்டி கட்டிக்கிட்டு வாங்க. பேன்ட்டு, பெல்ட்டு, பூட்ஸோட போனீங்கன்னா ஊர்ல ஒரு ஆம்பளையும் இருக்க மாட்டான்” என்றார்.

அவர் சொன்னபடியே செய்தேன். வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. சென்ற இடமெல்லாம் திண்ணையில் இடம் கிடைத்தது, குடிக்கச் சாமைக் கஞ்சி கிடைத்தது, மாடும் கிடைத்தது. அடுத்த மாதம் வேறொரு அலுவலகத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் முழுக்கால் சட்டையும் தோல் காலணியுமாக என்னுடன் வந்தார். அதே ஊர்தான். நாங்கள் ஏற்றம் ஏறி வருவதை யாரோ மேலேயிருந்து பார்த்திருக்கிறார்கள். ஊருக்குள் நுழைந்தபோது ஆண்கள் எவரும் இல்லை. கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு கிழவி மட்டும் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டு எங்களை நிமிர்ந்தும் பார்க்காமல் அமர்ந்திருந்தார். கால்சட்டையும் இடைவாரும் காலணியும் அணிந்து அந்நாளில் மலையேறியவர்கள் இரண்டே வகையினர்: வனத்துறையினர், சாராய வேட்டைக்கு வரும் காவலர்கள். நண்பர் நல்ல மனிதர். யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லியறியாதவர். ஆனால் அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவருடைய உடை பேசிவிட்டது.

பிறருடைய ஊரில் மதிப்பாக உடுத்துவது என்றால் உடலை மறைப்பது என்று மட்டுமே பலர் பொருள் கொள்கிறார்கள். என் நண்பர் கழுத்திலிருந்து பாதம் வரை மறைத்துத்தான் சென்றார். மறைப்பதால் மட்டும் மரியாதை வந்துவிடுவதில்லை.

இதன் மறுபக்கத்தையும் அந்த ஆண்டுகளில் கண்டேன். வயதான மலைப் பெண்கள் பலர் அப்போது ரவிக்கை அணிவதில்லை. சேலையை அக்குளின்கீழ் இழுத்து மார்பைச் சுற்றி வந்து தோளில் முடிந்திருப்பார்கள். நம் பாட்டிமார் பலரும் அப்படி இருந்தவர்களே. ரவிக்கை நம் கிராமங்கள் பலவற்றுக்கு வந்து நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஒருமுறை ஜீப்பில் வந்திறங்கிய சுற்றுலாக் கூட்டத்தில் ஒருவர், சுமையோடு நடந்துவந்த ஒரு மூதாட்டியைப் புகைப்படம் எடுத்தார். அதுவரை நிமிர்ந்து நடந்து வந்தவர் சட்டென்று குனிந்து, சுமையை இறக்கி, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். நாணப்படும்படி அந்த உடையில் ஒன்றுமில்லை. வந்தவரின் பார்வைதான் அவருக்கு நாணத்தைத் தந்தது. உயர்ந்த துணியில் முழுக்கை சட்டை அணிந்திருந்த அந்தக் கனவான் தம்மை நாகரிகமானவர் என்றே எண்ணியிருப்பார்.

இப்போது அந்தத் தலைமுறை மறைந்துவிட்டது. மலைப் பெண்கள் சேலை ரவிக்கையிலும் சுடிதாரிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று, சாலைகள் மேம்பட்டன, வருகிறவர்கள் பெருகினர். நல்லதுதான். வியாபாரமும் பெருகியிருக்கிறது. ஆனால் சென்ற கோடையில், சாலையோரம் தேனும் கடுக்காயும் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவருடைய ஊருக்குக் கீழே ஓர் ஓடை. துணி துவைப்பதும் குளிப்பதும் அதில்தான். அருவியைத் தேடி வந்தவர்கள் அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

“ஞாயித்துக்கெழமைன்னா நாங்க ஓடைப் பக்கம் போறதில்லீங்க ஐயா. சனிக்கெழமையே எல்லாத்தையும் முடிச்சுக்குவோம். வயசுப் புள்ளைங்களை அனுப்ப முடியல” என்றார்.

“ஏதாவது தொந்தரவு செய்கிறார்களா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஜட்டியோட நிக்கிறாங்க. அவங்க பாட்டுக்குக் குளிக்கிறாங்க. நாங்க எப்படிங்க போறது?”

யாரும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஆயினும் வாரத்தில் ஒரு நாள் அந்த ஊர்ப் பெண்களுக்கு அவர்களுடைய ஓடை இல்லாமற்போய்விட்டது. குளிக்கிற இளைஞர்களிடம் கேட்டால், ‘நாங்கள் என்ன தவறு செய்தோம்?’ என்றே கேட்பார்கள். அரையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு குளிப்பதும், ஊருக்குள் ஈர உடையோடு நடக்காமல் இருப்பதும் பெரிய காரியங்கள் அல்ல. நம் ஆறுகளிலும் குளங்களிலும் நம் தந்தையர் அப்படித்தான் குளித்தார்கள்.

கோயில்களுக்கு வருகிறேன். இறைவன் சந்நிதிக்கு எந்த உடை ஏற்றது என்பதற்கு நம் நாடு முழுமைக்கும் ஒரே விடை கிடையாது. திருச்செந்தூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் முருகனைத் தரிசிக்கச் செல்கிறார்கள். கன்னியாகுமரி பகவதி அம்மன் சந்நிதியிலும் அதுவே முறை. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலும் அப்படியே. தைத்த துணி மடிக்கு ஆகாது என்பது பழைய எண்ணம். ஆகையால் அங்கெல்லாம் மார்பை மறைப்பதுதான் மரியாதைக் குறைவு. குருவாயூரில் ஆண்களுக்கு வேட்டி கட்டாயம். பெண்கள் சுடிதாரில் வருவதற்கு 2007-ஆம் ஆண்டில்தான் அனுமதி கிடைத்தது. திருவனந்தபுரத்தில் சுடிதார் அணிந்த பெண்கள் அதன்மேல் ஒரு முண்டைச் சுற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் தலையில் துண்டோடு சந்நிதிக்குள் செல்வது தகாது. அமிர்தசரஸ் பொற்கோயிலில் தலையை மூடாமல் செல்வது தகாது. அங்கே வாசலிலேயே தலைக்குக் கட்டிக்கொள்ளத் துணி வைத்திருக்கிறார்கள். யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. எடுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போகலாம். விதி இருக்கிறது, விதியை நிறைவேற்றும் வழியையும் அவர்களே கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

கொடைக்கானல் மலைச்சரிவில் வெள்ளகவி என்று ஒரு சிற்றூர். அங்கே ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. ஊர் முழுவதும் தெய்வத்தின் இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. மலை நடைக்கு வரும் வெளியூர் இளைஞர்களும் எல்லையில் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு அந்த ஊரைக் கடக்கிறார்கள். கோயில் எங்கே தொடங்குகிறது என்பதை அந்த ஊரார்தாம் முடிவு செய்கிறார்கள், நாம் அல்லர்.

நம் மாநிலத்தில் உடை விதிக்கு அண்மைக் காலத்தில் நேர்ந்ததும் நினைவிருக்கலாம். 2015 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி, கோயிலுக்கு வருகிறவர்கள் அணிய வேண்டிய உடையை வகுத்து ஆணையிட்டார். ஆண்களுக்கு வேட்டி அல்லது பைஜாமாவும் மேலாடையும், இல்லையேல் முழுக்கால் சட்டையும் சட்டையும். பெண்களுக்குச் சேலை, தாவணி அல்லது துப்பட்டாவுடன் கூடிய சுடிதார். குழந்தைகளுக்கு உடலை மறைக்கும் எந்த உடையும். 2016 ஜனவரி முதல் நாளில் அது நடைமுறைக்கு வந்தது. கோயில் வாசல்களில் பலகைகள் தோன்றின. அந்த மாதத்திலேயே இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதற்குத் தடை விதித்துவிட்டது. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் தொலைக்காட்சியில் உரக்கப் பேசினார்கள். எனக்கு அதில் இரு பக்கமும் முழுமையாக ஒப்பவில்லை. கோயிலுக்கென ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு ஆலயத்துக்கும் உள்ள தனி மரபை ஒரே பட்டியலுக்குள் அடக்க முடியாது.

இன்னொன்றையும் பக்தர்களாகிய நாம் மறக்கலாகாது. உடை விதி என்பது பக்திக்காக மட்டுமன்றி, மனிதரைத் தாழ்த்துவதற்காகவும் நம் நாட்டில் பயன்பட்டிருக்கிறது. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்காகவே பல்லாண்டு போராடி, 1859-ஆம் ஆண்டில்தான் அரச ஆணை பெற்றனர். தோளில் துண்டு போடக்கூடாது, செருப்பணிந்து தெருவில் நடக்கக்கூடாது என்று சிலருக்கு விதித்திருந்த ஊர்களை என் தந்தையார் தலைமுறையினர் நேரில் கண்டவர்கள். இறைவன் முன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவது பணிவு. அதே செயலை ஒரு மனிதன் மற்றொரு மனிதன் முன் செய்யுமாறு வற்புறுத்தப்பட்டபோது அது அவமானம். 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தில் வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த ஆலயப் பிரவேசமும், 1947-இல் வந்த ஆலயப் பிரவேசச் சட்டமும் யாவரும் உள்ளே வருவதற்காக நிகழ்ந்தவை. ஆலய ஒழுங்குக்காக விதிகள் வகுக்கும் அதிகாரத்தை அறங்காவலர்களுக்கு அளித்ததும் அதே சட்டமே. கதவைத் திறந்த சட்டத்திலேயே ஒழுங்கும் இருக்கிறது. ஆகவே வாசலில் நின்று ஒழுங்கைச் சொல்கிறவர் முதலில் கதவைத் திறப்பவராக இருக்க வேண்டும்.

வேட்டிக்கும் ஒரு காலம் வந்தது. 2014-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி அணிந்து வந்த உயர்நீதிமன்ற நீதிபதிக்கு உள்ளே அனுமதி மறுக்கப்பட்டது. தமிழ்நாட்டில், வேட்டிக்கு! அதன்பின் சட்டமன்றத்தில் அத்தகைய தடையை நீக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

வாசலில் நிற்பவரைப் பற்றிச் சொன்னேன். அதற்கொரு காரணம் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் பெங்களூரிலிருந்து என் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். சமவெளியில் ஒரு பெரிய கோயிலுக்குச் சென்றோம். ஊர்ப் பெயர் வேண்டாம். பேத்திக்கு அப்போது பதினான்கு வயது. முழங்காலைத் தொடுகிற கவுன் அணிந்திருந்தாள். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று சந்நிதியை நெருங்கியபோது, வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, “இதென்ன சினிமாவா? இப்படி வந்தா சாமி எப்படி அருள் குடுப்பாரு?” என்றார். முன்னும் பின்னும் நின்ற ஐம்பது பேரும் குழந்தையின் கால்களைப் பார்த்தார்கள். அதுவரை யாரும் பார்க்கவில்லை. அவள் ஒரு சொல்லும் பேசாமல் கம்பிக்கடியில் குனிந்து வரிசையை விட்டு வெளியேறினாள். மருமகளும் அவள் பின்னே சென்றுவிட்டாள்.

மாலையில் மருமகள் என்னிடம் சொன்னாள்: “மாமா, அவளோட டிரெஸ் சரியில்லேன்னா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். என் துப்பட்டாவைச் சுத்தி விட்டிருப்பேன். ஒரு நிமிஷ வேலை.”

அவள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. அந்த ஆலயத்தின் விதியைக் குறைகூறவும் நான் விரும்பவில்லை. முழங்காலுக்குக் கீழே மறைய வேண்டும் என்பது அங்கே வழக்கமானால், அப்படியே ஆகட்டும். ஆனால் அதைச் சொன்ன விதத்தால் ஒரு குழந்தை கோயிலை இழந்துவிட்டாள். அதன்பின் மூன்று முறை விடுமுறைக்கு வந்திருக்கிறாள். திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் கோயிலுக்குப் புறப்பட்டபோது நீளப் பாவாடையும் தாவணியும் எடுத்து வைத்துப் பார்த்தோம். “நீங்க போயிட்டு வாங்க தாத்தா. நான் கார்லேயே இருக்கேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சென்ற கோடையில் மலைக்குச் சென்றோம். ஓர் ஊரின் ஓரத்தில் ஓடு வேய்ந்த சிறு கோயில். முன்னால் ஒரு பெரிய மரம். மரத்தடியைத் தாண்டிச் செருப்பு போகக்கூடாது. தோல் இடைவாரும் தோல் பணப்பையும்கூட வெளியே. பூசாரி என் மகனைப் பார்த்தார். அரைக்கால் சட்டை. இப்போது ஐ.டி. நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறான், நாற்பத்திரண்டு வயது, சொல்லியும் கேட்கவில்லை. பூசாரி ஒன்றும் சொல்லாமல் தம் வீட்டுக்குள் போய், துவைத்து மடித்த வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். “இதைக் கட்டிக்கங்க தம்பி. இங்க அதான் வழக்கம்” என்றார். அவ்வளவுதான். சற்றுப் பழுப்பேறிய நாலு முழ வேட்டி. அவன் கால்சட்டைக்கு மேலேயே அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே சென்றான். திரும்பி வந்து கொடுத்தபோது அவன் முகத்தில் வெட்கம் இருந்தது. ஆனால் அது அவமானப்பட்டவனின் வெட்கமாகத் தெரியவில்லை. பேத்தி அன்று வண்டியில் இருக்கவில்லை. மரத்தடி வரை வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கேயே நின்றாள். உள்ளே வரவில்லை. அவளை யாரும் அழைக்கவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. பூசாரியின் மனைவி திருநீற்றுத் தட்டை மரத்தடிக்கே எடுத்துக்கொண்டு போனார்.

இதே மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் நாடெங்குமிருந்து திருநங்கைகள் வந்து, மணப்பெண்ணாக உடுத்தித் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலியறுத்து, வளை உடைத்து, வெள்ளைச் சேலைக்கு மாறுகிறார்கள். பட்டுச் சேலையும் வெள்ளைச் சேலையும் அங்கே அலங்காரம் அல்ல, வழிபாடே அவைதாம். அந்த அழுகையைச் சுற்றி, வண்ணக் கண்ணாடியும் வாசகம் அச்சிட்ட பனியனும் அணிந்து, செல்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். முன்பு சொன்ன துக்க வீடு இதுவே. தெரிந்தவர் வீடாக இருந்தால் இவர்களில் ஒருவரும் அப்படி நின்றிருக்க மாட்டார்கள்.

இந்த மலைப் பயணத்தில் ஒரு நன்மை விளைந்தது. என் மகன் இப்போது காரின் பின்பக்கத்தில் ஒரு துணிப்பை வைத்திருக்கிறான். அதில் இரண்டு வேட்டி, இரண்டு துண்டு, நீளமான துப்பட்டா ஒன்று, வீட்டிலிருந்து எடுத்த பழைய பருத்திச் சேலை ஒன்று. சேலை மருமகளின் யோசனை. உடுத்த, போர்த்த, ஓடைக்கரையில் மறைவாக உடை மாற்றத் திரை பிடிக்க, எதற்கும் உதவும் என்றாள். மலைக்கு வரும் அன்பர்களுக்கும் இதையே சொல்வேன். அருவியில் குளிக்க விரும்பும் ஆண்கள் அரைக்குத் துண்டு கட்டிக் குளியுங்கள். பெண்கள் முழு உடையோடு குளித்து, மாற்றுடை மாற்றிக்கொண்டு ஊருக்குள் வாருங்கள். எந்த ஓடையில் குளிக்கலாம் என்பதை வழியில் உள்ள ஊராரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்; மகிழ்ச்சியோடு வழி காட்டுவார்கள். கழற்றி மாட்ட எளிதான செருப்பு நல்லது. பல இடங்களில் கழற்ற வேண்டியிருக்கும். மார்கழி, தை மாதங்களில் வெள்ளிமலைப் பக்கம் காலையில் குளிர் அதிகம், சால்வை வேண்டும். மலையேறிய பிறகு துணிக்கடை தேடுவது கடினம். வேட்டி இல்லாதவர்கள் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவிலேயே வாங்கிக்கொள்ளலாம். நாலு முழம் போதும்.